ஜாவாவில் நான் சாப்பிட்டதெல்லாம்

செல்விக்கு அம்மா எழுதுவது.

நீ அடுத்த அறையில் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். நர்ஸ் உடுப்பு இரண்டையும் மேலே வைப்பதா அடியில் வைப்பதா என்று உனக்கு நீயே கேட்டுக்கொள்வது இங்கே கேட்கிறது. நேரில் பேசினால் நாலு வார்த்தைக்குள் நம்மில் ஒருத்தி அழுதுவிடுவாள், அதனால்தான் எழுதுகிறேன். சவுதிக்குப் போகும் ஏரோப்ளேனில் ஏறி உட்கார்ந்த பிறகு பிரித்துப் படி. படித்து முடித்ததும் என்மேல் கோபம் வரும். வரட்டும். நீ அங்கே இறங்குவதற்குள் கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

நேற்று சாயங்காலம் நீ சொன்ன ஒரு பேச்சுதான் என்னை எழுத உட்காரவைத்தது. பாப்பாவுக்குத் தலை சீவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாய். "எனக்கு ஒண்ணும் பயம் இல்லம்மா. நீ ஜாவால சோறு தண்ணி இறங்காம எப்படிக் கெடந்தியோ அப்படியே நானும் கெடந்துட்டு வந்துடறேன். பெத்த புள்ளய உட்டுட்டுப் போறவ அப்படித்தான இருக்கணும்." நான் மாடிக்குப் போய்விட்டேன். துணி எடுக்கப் போனேன் என்று நீ நினைத்திருப்பாய். கொடியில் துணியே இல்லை. நான் எப்போதோ சொன்ன ஒரு பொய்யைப் பதினாலு வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்து, இப்போது உன்னோடு எடுத்துப்போகப் பார்க்கிறாயே என்று மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உண்மை இதுதான், கண்ணு. நான் அங்கே பட்டினி கிடக்கவில்லை. அதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, என் ஆயுசில் அவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டதே இல்லை.

நாம் அப்போது கீழ்பென்னாத்தூரில் இருந்தோம். உன் அப்பா வெளியூர் மில்லில் ஃபிட்டர், மாசத்துக்கு ஒரு தடவை வந்துபோவார். அவர் வேலை செய்த மில்காரர்கள் ஜாவாவில் புதிதாக ஒரு நூல் மில் கட்டினார்கள். இயந்திரங்களைப் பொருத்தி ஓட்டிக்காட்ட ஆள் வேண்டும் என்று அவரைக் கூப்பிட்டார்கள். அவருக்கு வயிற்றுப்புண், வெளிச்சாப்பாடு ஆகாது, அதனால் என்னையும் அழைத்துப்போகலாம் என்று ஏற்பாடாயிற்று. மில் குடியிருப்பில் உனக்குப் புரிகிற பாஷையில் பள்ளிக்கூடம் கிடையாது. உனக்குப் பத்து வயது. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டுப் பக்கம் இருந்த உன் அத்தை வீட்டில் உன்னை விட்டோம். "நீ போயிட்டு வா அண்ணி, கொயந்தய என் கண்ணுல வச்சுப் பாத்துக்கறேன்" என்றாள் அத்தை. நீ அழவில்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதை மட்டும் நான் ஒரு நாளும் மறந்ததில்லை. இந்தக் கடிதத்தில் வேறு எதை நம்பாமல் போனாலும் அதை நம்பு.

கப்பலில் ஒரு வாரம், பிறகு விமானம், பிறகு பாதி நாள் வேனில். அந்த ஊர் ஒரு மலையடியில் இருந்தது. நம் மலையைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த மலையின் உச்சியிலிருந்து சாம்பல் நிறத்தில் புகை சும்மா வந்துகொண்டே இருந்தது. யாரும் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை. காலையில் பனிமூட்டம் வயல்மேல் படுத்திருக்கும். நெல் நம் நெல்தான், ஆனால் படிப்படியாக மலைமேல் ஏறிப்போகும். மத்தியானம் தாண்டினால் சொல்லிவைத்தது மாதிரி மழை. மழை விட்டதும் ஈரமண், கிராம்புச் சுருட்டுப் புகை, எங்கோ தேங்காய்ப்பால் கொதிக்கிற வாசனை எல்லாம் ஒன்றாகக் கலந்து சன்னல் வழியே வரும். தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்றே சில நாள் எனக்குத் தெரியாது.

போன முதல் வாரம் பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி வாழையிலைப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிரித்தேன். ஏதோ ஒரு பயறு, வெள்ளைப் பூஞ்சை பிடித்துக் கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. கெட்டுப்போனதைக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்து அப்படியே கொல்லையில் வீசினேன். அவள் வேலி ஓரமாகவே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை. மறுநாள் என்னைக் கையைப் பிடித்துத் தன் அடுப்படிக்கு இழுத்துப்போனாள். அதே பூஞ்சைக் கட்டியை மெல்லிசாகச் சீவி, பூண்டும் உப்பும் கரைத்த தண்ணீரில் முக்கி, தேங்காயெண்ணெயில் பொரித்து என் கையில் வைத்தாள். மொறுமொறுவென்று, உள்ளே மெத்தென்று, வறுத்த கொட்டை வாசனையோடு இருந்தது. நான் ஏழு துண்டு தின்றேன். எட்டாவதை எடுக்கும்போதுதான் வெட்கம் வந்தது. அதன் பெயர் தெம்பே. சோயாவை வேகவைத்து இலையில் கட்டிவைத்தால் அந்த வெள்ளை தானாக வருகிறது. அந்த ஊரில் ஏழை பணக்காரர் எல்லோருக்கும் தினப்படி அதுதான்.

அவள் பெயர் யாத்மி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள் இருப்பாள். அங்கே அம்மாவை 'இபு' என்பார்கள், மூத்த பெண்களை அதைச் சுருக்கி 'பு' என்று கூப்பிடுவார்கள். எனக்கு அது பூ என்றே காதில் விழும். பூ யாத்மி மில் வாசலுக்கு எதிரே, தகரக் கூரை போட்ட ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். ஒரு பெஞ்சு, இரண்டு அடுப்பு, அவ்வளவுதான். உன் அப்பாவுக்கு மிளகு ரசமும் குழைந்த சாதமும் தூக்கில் கட்டி அனுப்பிவிட்டால் எனக்குப் பகலெல்லாம் வேலை கிடையாது. போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன்.

அங்கே எனக்கு முதலில் பழகியது பெச்செல். பெயர்தான் புதுசு. கீரை, காராமணிக்காய், முளைகட்டின பயறு, எல்லாம் வெந்நீரில் ஒரு கொதி காட்டி எடுத்து வைத்திருப்பாள். யாராவது வந்து உட்கார்ந்த பிறகுதான் அரைக்க ஆரம்பிப்பாள். தட்டு மாதிரி ஒரு கருங்கல், வளைந்த குழவி. அதில் மிளகாய், பூண்டு, கற்பூரம் மாதிரி மணக்கிற ஒரு சின்னக் கிழங்கு, எலுமிச்சை இலை மாதிரி ஒரு இலை, பனைவெல்லம், புளி. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கை நிறைய வறுத்த வேர்க்கடலை, நம்ம மல்லாட்டை. நான் மல்லாட்டைக் கொல்லையில் பிறந்து வளர்ந்தவள். பிடுங்கியிருக்கிறேன், ஆய்ந்திருக்கிறேன், அவித்துத் தின்றிருக்கிறேன், செக்குக்கு அனுப்பியிருக்கிறேன். அது இப்படி வெல்லத்தோடும் புளியோடும் சேர்ந்து குழம்பாகி, சுடச்சுடக் கீரைமேல் வழியும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. வாழையிலையைக் கூம்பாகச் சுருட்டி ஈர்க்கால் குத்தி அதில் போட்டுக் கொடுத்தாள். வாயில் வைத்தால் முதலில் தித்திப்பு, அப்புறம் புளிப்பு, எல்லாம் முடிந்த பிறகு காரம் மெதுவாக ஏறுகிறது. இலையின் அடியில் வெள்ளையாக என்னவோ கிடந்தது. எடுத்துப் பார்த்தால் அகத்திப்பூ. நம்ம அகத்திப்பூ! கடல் தாண்டி வந்து எனக்கு முன்னால் அந்த இலையில் உட்கார்ந்திருந்தது. நான் சிரித்தேன். பூ யாத்மிக்கு ஏன் என்று புரியவில்லை, அவளும் சிரித்தாள்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. விடிந்ததும் முதுகில் கூடை கட்டிக்கொண்டு மஞ்சளும் புளியும் கரைத்த கஷாயம் விற்கிற பெண்கள். பச்சையாக, கொழுக்கட்டை மாதிரி ஒரு உருண்டை, மேலே தேங்காய்த் துருவல், கடித்தால் உள்ளிருந்து வெல்லப்பாகு பீச்சி அடிக்கும். முதல் தடவை என் ரவிக்கையெல்லாம் பாழ். பலாக்காயை நாள் முழுக்க வெல்லத்தில் வேகவைத்த ஒரு குழம்பு. பாம்புத்தோல் மாதிரித் தோலுள்ள பழம். தாம்பாளம் அகலத்துக்கு ஒரு அப்பளம், அதைக் கையில் பிடித்துக்கொண்டே சோறு தின்பார்கள். கருவாட்டு நாற்றம் அடிக்கும் ஒரு துவையலை மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். ஒரு மாசத்தில் அது இல்லாமல் சோறு இறங்கவில்லை.

ருசி மட்டுமா என்று கேட்டால், இல்லை. இதை உனக்கு எப்படிச் சொல்வது? பதினேழு வயதில் கீழ்பென்னாத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். அன்றிலிருந்து ஆம்பிளைகள் தின்று, பிள்ளைகள் தின்று, மாமனார் மாமியார் தின்று, சட்டியில் மிச்சம் இருப்பதை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழித்துத் தின்றவள் நான். கெட்ட எண்ணத்தில் யாரும் அப்படி வைக்கவில்லை. அது அப்படித்தான் என்று இருந்தது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான், நான் வந்ததைப் பார்த்து, எனக்கென்று, எனக்காக மட்டும் ஒருத்தி மல்லாட்டை அரைத்தாள். மிளகாய் ஒண்ணா ரெண்டா என்று விரலைக் காட்டிக் கேட்டாள். உனக்கு எவ்வளவு காரம் வேண்டும் என்று அதுவரைக்கும் என்னை யாரும் கேட்டதில்லை, செல்வி. நான் சந்தோஷமாக இருந்தேன். உன்னை நினைத்து அழுதேன்தான். ஆனால் அழுது முடித்த பிறகு பசித்தது. பசித்தபோது சாப்பிட்டேன். சாப்பிட்டபோது சந்தோஷமாக இருந்தேன்.

அதை உனக்கு எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. வாரத்துக்கு ஒரு நீலநிற ஏர்மெயில் தாள் உனக்கு வரும், ஞாபகம் இருக்கும். "நீ இல்லாமல் அம்மாவுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. இங்கே ஒன்றும் வாயில் வைக்க முடியவில்லை. உன் முகத்தைப் பார்த்தால்தான் எனக்குப் பசிக்கும்." எல்லாத் தாளிலும் இதுதான். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போனவள் அங்கே தின்று கொழுக்கிறாள் என்று ஊரில் ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது என்று பயந்தேன். அதோடு, இப்படி எழுதினால் அம்மாவுக்கு நம்மேல் எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும் என்றும் நினைத்தேன். ஒரு நாள் உன் அப்பா தாளை ஒட்டுவதற்கு முன்னால் வாங்கிப் படித்துப் பார்த்தார். என் கன்னத்தைப் பார்த்தார், அது நன்றாகத் தெளிந்திருந்தது. "எழுதறது ஒண்ணு, துன்றது ஒண்ணா இருக்குதே" என்றார். "கொயந்தைக்கு அப்படி எழுதினாத்தான் ஆறுதலா இருக்கும், உங்களுக்குத் தெரியாது" என்றேன். அவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் இருக்கும்போது இந்த விஷயத்தை நாங்கள் மறுபடி பேசியதே இல்லை. இப்போது அவர் போய் நாலு வருஷமாகிறது.

ஒன்றரை வருஷம் முடிகிற சமயம் அத்தையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மில் காவலாளி அதைக் கடைக்கே கொண்டுவந்து கொடுத்தான். நான் பெச்செல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இடது கையால் பிரித்து, மென்றுகொண்டே படித்தேன். "அண்ணிக்கு எழுதுவது. உனக்கு மனக்கஷ்டம் வேணாம்னு இத்தினி நாளா எழுதல. பொண்ணு சாப்புடறது ரொம்பக் கம்மி ஆயிடுச்சு. தட்டுல போட்டா ரெண்டு வாய்தான். மீதிய நாய்க்கு வச்சுடறா. நேத்து பிரேயர்ல மயங்கி உழுந்துட்டான்னு டீச்சர் தூக்கினு வந்தாங்க. அடிச்சுக்கூடக் கேட்டேன். அம்மா அங்க சாப்புடல, நான் மட்டும் எப்படிச் சாப்புடறதுன்னு கேக்கறா. நான் இன்னா பதில் சொல்ல."

வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இலை கையிலிருந்து நழுவி மடியில் கொட்டியது. பூ யாத்மி ஓடிவந்து, யாராவது செத்துப்போய்விட்டார்களா என்று கையாலேயே கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். அவள் பாஷையில் எனக்குத் தெரிந்த இரண்டு சொல்லைச் சேர்த்து, பிள்ளை சாப்பிடவில்லை என்றேன்.

அப்பாவால் வேலையைப் பாதியில் விட முடியாது. எனக்கு மட்டும் கப்பல் ஏற்பாடாயிற்று. புறப்படுகிற அன்றைக்குக் காலையில் பூ யாத்மி வந்தாள். மல்லாட்டை அரைப்பை ஈரம் இல்லாமல் இறுக்கி, செங்கல் மாதிரிக் கட்டியாக்கி, இலையில் சுற்றி நாரால் கட்டியிருந்தாள். வெந்நீரில் கரைத்தால் போதும், மாசக்கணக்கில் கெடாது என்று கையைக் காட்டிச் சொன்னாள். உன் உயரத்தைத் தன் இடுப்பில் கைவைத்துக் காட்டி, வாயில் ஊட்டுகிற மாதிரி செய்தாள். மிளகாய் கம்மி என்று சுண்டுவிரலில் பாதியைத் தொட்டுக் காட்டினாள்.

கப்பலில் ஏழு நாள். அந்த ஏழு நாளும்தான் உண்மையாகவே எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் எழுதிய பொய்யெல்லாம் ஒரே வாரத்தில் என் உடம்பில் வந்து உட்கார்ந்தது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், அத்தை வீட்டு வாசலில் வந்து நின்றேன். நீ என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாய். உன் கை ஈர்க்குச்சி மாதிரி இருந்தது. "இன்னாம்மா இப்படி எளைச்சுட்ட" என்று பெரிய மனுஷி மாதிரிக் கேட்டுவிட்டு, உள்ளே போய் உன் தட்டில் சோறு போட்டு எடுத்துவந்து எனக்கு ஊட்டினாய். நான் வாயைத் திறந்தேன். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றைக்கு நாம் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம், நீ மறுசோறு வாங்கினாய். கெடுக்க மனசு வரவில்லை.

அந்தக் கட்டியை உனக்குக் கொடுக்கவே இல்லை. கொடுத்தால் ருசி தெரிந்துவிடும். இவ்வளவு நல்லாயிருக்கே, இதையா வாயில் வைக்க முடியலைன்னு எழுதின என்று கேட்பாய். டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்தேன். எறும்பு வரிசை கட்டியபோது எடுத்துத் தண்ணீரில் கரைத்து மாட்டுத்தொட்டியில் ஊற்றினேன். மாடு நக்கி நக்கிக் குடித்தது. உனக்காக ஒருத்தி அரைத்துக் கொடுத்தது, கடல் தாண்டித் தூக்கிவந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த தப்புகளில் இதற்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை. பூ யாத்மிக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதினால் யார் படித்துச் சொல்வார்கள் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

நாலைந்து வருஷம் கழித்து, அத்தை வீட்டு மாடியறையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் குடியிருந்தாள், உனக்கு நினைவிருக்கும், ஆசிரமத்துக்கு வந்து ஆறு மாசம் தங்கினவள். அரைகுறையாகத் தமிழ் பேசுவாள். ஒரு நாள் நான் அங்கே போயிருந்தபோது மாடிக்குக் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலில் விரலால் தொட்டுப் பயந்து பயந்து முகர்ந்தாள். அப்புறம் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். ஜாவாவில் அந்தப் பெஞ்சில் என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும், பூ யாத்மி தினமும் இதைத்தான் பார்த்திருப்பாள் என்று தோன்றியது. சாப்பிட்டு முடித்ததும் அவள் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுத ஆரம்பித்தாள். "இன்னாமா எழுதற?" என்று கேட்டேன். "அம்மாக்கு. நான் இன்னிக்கு என்ன சாப்பிட்டேன், அது" என்றாள். "தெனமுமா?" "தெனமும். அம்மா தனியா இருக்காங்க. நான் நல்லா சாப்பிட்டேன்னு படிச்சா, அம்மா நல்லா சாப்பிடுவாங்க." சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு கீழே வந்து, கிணற்றடியில் அதைத் தேய்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தேன்.

பாப்பாவைப் பற்றி நீ பயப்படாதே என்று சொல்ல மாட்டேன். அவளுக்கு மூன்று வயதுகூட முடியவில்லை. அழுவாள். மாப்பிள்ளையும் நானும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு அலைவோம். நீயும் அழு. ஆனால் அழுது முடித்த பிறகு பசித்தால் சாப்பிடு. அங்கே பேரீச்சம்பழம் இருக்குமாம், விதவிதமாக ரொட்டி இருக்குமாம், எனக்குப் பெயர் தெரியாத என்னென்னவோ இருக்கும். யாராவது கூப்பிட்டு இலையிலோ தட்டிலோ வைத்துக் கொடுத்தால் வீசிவிடாதே, வாங்கி வாயில் வை. பிடித்தால் பிடித்தது என்று சொல். உனக்கு எவ்வளவு காரம் வேண்டும் என்று கேட்கிறவர்கள் கிடைத்தால், கூச்சப்படாமல் சொல். வாரம் ஒரு கடிதம் எழுது, அதில் நீ சாப்பிட்டதை எழுது. சந்தோஷமாக இருந்தால் அதையும் எழுது. நான் பாப்பாவுக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டுகிறேன். ஊர் எது வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் நீ விசா வேலையாக மூன்று நாள் மெட்ராஸுக்குப் போனாயே, முதல் நாள் மத்தியானம் பாப்பா தட்டைத் தள்ளிவிட்டாள். அம்மா வந்தால்தான் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அம்மாவும் அங்கே உன்னை நினைச்சுச் சாப்பிடாமல் இருக்கா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, பழகின நாக்குதானே. கடித்துக்கொண்டேன். "உங்கம்மா இந்நேரம் மெட்ராஸ்ல ஓட்டல்ல உக்காந்து பிரியாணி துன்னுகினு இருப்பா, முட்ட வச்சு" என்றேன்.

பாப்பா கொஞ்ச நேரம் என்னையே முறைத்துப் பார்த்தாள். அப்புறம், "எனக்கும் முட்ட" என்று தட்டை இழுத்துக்கொண்டாள்.

அம்மா